கூகுள் விளம்பரம்: க்ளிக் வருது, சரியான ஆள் வரலையே, ஏன்?

அடுத்த கேள்விக்குப் போவோம். ஒரு சகோதரி எழுதியிருக்காங்க, அப்படியே படிக்கிறேன்: "தையல் வகுப்பு நடத்துறேன். கூகுள்ல விளம்பரம் குடுத்து மூணு வாரம் ஆச்சு. க்ளிக் வருது, போனும் வருது. ஆனா பாதிப் பேர் மெஷின் என்ன விலைன்னு கேக்கறாங்க, மீதிப் பேர் வேலை இருக்கான்னு கேக்கறாங்க. கத்துக்க வர்றவங்களை மட்டும் கூகுள் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

அந்தக் கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன். சர்ச் விளம்பரத்துல கூகுள் ஆளைத் தேடிப் போறதில்ல. ஆள் தானா வந்து, தனக்கு என்ன வேணும்னு டைப் பண்றார். இன்ஸ்டாகிராம்ல வயசு, விருப்பம் இதையெல்லாம் வச்சு, கேக்காதவங்க முன்னாடியும் விளம்பரம் வந்து நிக்கும். இங்க அப்படி இல்ல, அவர் டைப் பண்ற வார்த்தைதான் அஸ்திவாரம். அதனால எந்த வார்த்தைக்கு வரணும், எதுக்கு வரக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லணும். ரெண்டாவதைச் சொல்லாம விட்டுட்டீங்கன்னு நினைக்கிறேன்.

எந்த வார்த்தைக்கு விளம்பரம் வரணும்னு நீங்க குடுக்கறதுதான் கீவேர்டு. "தையல் வகுப்பு"ன்னு அதை சும்மா அப்படியே போட்டா அது பிராட் மேட்ச். சம்பந்தப்பட்டதுன்னு கூகுள் நினைக்கிற எல்லாத் தேடலுக்கும் உங்க விளம்பரம் போகும். மெஷின் விலை தேடறவருக்கும் தையலுக்கும் சம்பந்தம் இருக்கே! அதையே மேற்கோள் குறிக்குள்ள போட்டா ஃப்ரேஸ் மேட்ச், அந்த அர்த்தம் தேடல்ல இருக்கணும். சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டா எக்ஸாக்ட் மேட்ச், அதே அர்த்தத்துல தேடினா மட்டும். சின்ன பட்ஜெட்னா ஃப்ரேஸ், எக்ஸாக்ட் ரெண்டோட நிறுத்திக்கோங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், இதைக் கவனமா கேளுங்க. உங்க அக்கவுண்ட்ல சர்ச் டெர்ம்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு. நீங்க குடுத்த கீவேர்டு வேற, ஜனங்க நிஜமாவே டைப் பண்ணது வேற. அந்த ரெண்டாவது இதுலதான் தெரியும். திறந்தா "தையல் மெஷின் விலை", "தையல் டீச்சர் வேலை", "இலவச தையல் பயிற்சி"ன்னு வரிசையா நிக்கும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் எத்தனை க்ளிக், எவ்வளவு செலவுன்னு இருக்கும். உங்க காசு எங்க போச்சுன்னு அங்க கண்ணால பாக்கலாம். ரொம்பக் கொஞ்சம் பேர் தேடின வார்த்தைகளை 2020 செப்டம்பர்ல இருந்து அதுல காட்டறதில்ல. இருந்தாலும் தெரியறதே போதும்.

அதுல வேண்டாதது எதுவோ அதை நெகட்டிவ் கீவேர்டா, அதாவது இந்த வார்த்தைக்கு விளம்பரம் வரக்கூடாதுன்னு, போடுங்க. விலை, மெஷின், வேலை, சம்பளம், இலவசம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, நெகட்டிவுக்கு கூகுள் தானா அர்த்தம் விரிச்சுப் பாக்காது. "வேலை"ன்னு தடுத்தா "வேலைவாய்ப்பு" தடைபடாது, தனியா போடணும். தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்றவங்க ஏராளம். அந்த எழுத்துலயும் போடணும், "ஜாப்", "பிரைஸ்" மாதிரி இங்கிலீஷ் வார்த்தைகளும் போடணும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் இதுக்கு ஒதுக்குங்க.

இன்னொரு சந்தேகம் எனக்கு இருக்கு. போன் வந்தாலே கன்வெர்ஷன்னு, அதாவது விளம்பரத்தால கிடைச்ச பலன்னு, கணக்குல வச்சிருக்கீங்களா? ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு கேக்கலாம்னு கூகுளே முடிவு பண்ற ஆட்டோமேட்டிக் பிட்டிங்கும் ஓடுதா? அப்படின்னா மெஷின் விலை கேட்டவரும் கூகுள் கணக்குல வெற்றிதான். "இந்த மாதிரி ஆளுங்கதான் இவங்களுக்கு வேணும்போல"ன்னு அது கத்துக்கிட்டு, இன்னும் அதே மாதிரி ஆளுங்களைக் கொண்டுவரும். போன்ல எத்தனை நொடி பேசினா கணக்குல சேரணும்னு அமைக்கலாம், அந்த நொடியைக் கூட்டி வையுங்க. அதைவிட நல்லது, சேர்க்கை படிவம் நிரப்பினதை மட்டும் கன்வெர்ஷனா வைக்கிறது.

அதிகமா ஏலம் கேட்டா நல்ல ஆள் வருவாங்களான்னு பல பேர் கேக்கறீங்க. வரமாட்டாங்க. ஒவ்வொரு தேடலுக்கும், யார் விளம்பரம் மேல வரணும்னு ஒரு ஏலம் நடக்குது, உண்மைதான். ஆனா 2002லயே, எத்தனை பேர் க்ளிக் பண்றாங்கங்கிறதையும் ஏலத்துல சேர்த்துட்டாங்க. புரியறதுக்காக எளிமையா ஒரு கணக்கு: ஒருத்தர் ஒரு க்ளிக்குக்கு 10 ரூபாய்னு ஏலம் கேக்கறார், அவர் விளம்பரத்தோட தரம் 4, பெருக்கினா 40. இன்னொருத்தர் 6 கேக்கறார், தரம் 8, பெருக்கினா 48. குறைச்சுக் கேட்டவர்தான் மேல நிப்பார். அந்தத் தரம் எதுல வருதுன்னா, விளம்பரமும் அது போய்ச் சேர்ற பக்கமும் தேடின விஷயத்தைப் பேசணும். தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். "முன்னணி நிறுவனம்"னு போட்டு அதை வீணாக்காதீங்க. "புதுசா கத்துக்கறவங்களுக்கு"ன்னு போடுங்க. வேலை தேடறவர் அதைப் படிச்சதுமே தாண்டிப் போயிடுவார், உங்க காசும் மிச்சம்.

லொகேஷனையும் ஒரு தடவை பாத்துடுங்க. அந்த இடத்துல இருக்கறவங்களோட, அந்த இடத்து மேல ஆர்வம் காட்டறவங்களுக்கும் சேர்த்துக் காட்டற மாதிரிதான் முதல்லயே அமைஞ்சிருக்கும். நேர்ல வந்து கத்துக்கற வகுப்புன்னா "இருக்கறவங்க மட்டும்"னு மாத்துங்க.

சகோதரி, இன்னிக்கே சர்ச் டெர்ம்ஸ் திறந்து, செலவு அதிகமான முதல் 20 வரியை எழுதி கமெண்ட்ல போடுங்க. எதை விடணும், எதைத் தடுக்கணும்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா சேர்ந்து பாத்துடலாம்.