இறுக்கிய கயிறும் எண்ணிய கலோரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெண்களின் உடைச் சீர்திருத்தத்துக்காக 1881இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் கோரிக்கைகளில் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு பெண் அணியும் உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டுக்கு, அதாவது சுமார் மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கேட்ட சலுகையே மூன்று கிலோ என்றால், அதுவரை சுமந்தது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த உள்ளாடைகளில் பெண்களைப் படாதபாடு படுத்தியது, இடையை இறுக்கிச் சிறுக்க வைக்கும் கார்செட். முன்பக்கம் எஃகுப் பட்டை, சுற்றிலும் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் தகடுகள், முதுகுப் பக்கம் கயிறு. துணியில் வெறும் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தால், இழுக்க இழுக்கக் கிழிந்துவிடும். 1820களில் ஓட்டைக்கு உலோக வளையம் அடிக்கும் முறை வந்தது. இன்று ஷூவில் இருக்கிறதே, அதே வளையம்தான். பிறகென்ன, துணியைப் பற்றிய கவலை தீர்ந்தது. விலா எலும்பைப் பற்றித்தான் யாரும் கவலைப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே கார்செட் இல்லாத உடைகளைத் தைத்தார். அதே மனிதர்தான் கணுக்கால் அருகே குறுகிய பாவாடையையும் பரப்பினார். மார்பை விடுவித்தேன், காலைக் கட்டிப்போட்டேன் என்று பெருமை வேறு பேசிக்கொண்டார்! அதை உடுத்தியவர்களுக்கு டிராமில் ஏறுவதே பெரும்பாடு.

1920களில் வளைவே இல்லாத, சிறுவனைப் போன்ற உடல்தான் அழகு என்றானது. இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோ ஊரில் சிமிங்டன் என்ற கார்செட் கம்பெனி இருந்தது. வளைவை விற்றுப் பிழைத்த அந்தக் கம்பெனி, இப்போது இரு பக்கமும் கயிறு இழுத்து மார்பைத் தட்டையாக்கும் உள்ளாடையை விற்றது. வியாபாரிக்கு எந்த வடிவமும் சம்மதமே.

என்னை அதிகம் உறுத்துவது இதே காலத்தில் வந்த இன்னொரு மாற்றம். கலிபோர்னியா மருத்துவர் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் 1918இல் எழுதிய புத்தகம் அமெரிக்கப் பெண்களுக்குக் கலோரி எண்ணக் கற்றுக்கொடுத்தது. ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், நூறு கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்றார் அவர். புத்தகம் சக்கைப்போடு போட்டது. கார்செட்டையாவது இரவில் அவிழ்த்து வைக்கலாம். இந்தக் கணக்கை எங்கே அவிழ்த்து வைப்பது?

1947 பிப்ரவரியில் பாரிஸின் இன்னொரு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் டியோர் மீண்டும் இடையை இறுக்கி, பல மீட்டர் துணியில் பாவாடையை விரித்தார். போர் முடிந்து துணிக்கு அல்லாடிய நேரம். பாரிஸின் லெபிக் தெருச் சந்தையில் அந்த உடையோடு படமெடுக்க வந்த மாடல் அழகியைப் பெண்களே சூழ்ந்து, உடையைப் பிடித்துக் கிழித்தார்கள். நியாயமான கோபம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் சில ஆண்டுகளில் அந்த வடிவம் எங்கும் பரவிவிட்டது.

1966இல் லண்டனில் ட்விக்கி என்ற மாடல் அழகி வந்தார். பதினாறு வயது, குச்சிபோல் உடம்பு. பிறவியிலேயே ஒல்லி, நன்றாகச் சாப்பிடுபவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரைப் போலாக வேண்டும் என்று தட்டைத் தள்ளிவைத்த பெண்கள் அவருடைய புகைப்படத்தைத்தான் பார்த்தார்கள், பேட்டியைப் படிக்கவில்லை.

நன்றி, வணக்கம்.