கட்டாமல் விட்ட ரைடுகள் எங்கே போகின்றன?

அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டிஸ்னி மாதிரி தீம் பார்க்குகளில் வருஷக்கணக்கில் வரைந்து, மாடல் எல்லாம் செய்துவிட்டு, கடைசியில் சில ரைடுகளைக் கட்டாமலே விட்டுவிடுகிறார்களே, பணம் இல்லாததாலா? அத்தனை உழைப்பும் குப்பைக்குத்தான் போகிறதா?"

பணமும் ஒரு காரணம்தான். ஆனால் பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் இது பிடிபடாது, அதனால் மார்க் டேவிஸ் என்ற ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். டிஸ்னியின் கார்ட்டூன் படங்களில் டிங்கர் பெல்லை வரைந்து அசைய வைத்தவர் இவர். அப்புறம் பார்க் வேலைக்கு வந்தார். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967-ல் திறந்த பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் படகு ரைடில் இருக்கும் கடல் கொள்ளையர்களில் பெரும்பாலோர் இவர் பென்சிலில் பிறந்தவர்கள். இவருக்கு நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள மினரல் கிங் என்ற பள்ளத்தாக்கு. அங்கே பனிச்சறுக்கு விடுதி கட்ட அமெரிக்க வனத்துறை 1965-ல் டிஸ்னியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே வருகிறவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று, பாட்டுக் கச்சேரி நடத்தும் கரடிப் பொம்மைகளை டேவிஸ் வரைந்தார். 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்தார்; அதற்குச் சில நாட்கள் முன்பு இந்தக் கரடிகளைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்ததை டேவிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடுதியை எதிர்த்து சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வழக்குப் போட்டது. 1972-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகத்தான் வந்தது, ஆனாலும் இழுத்துக்கொண்டே போனதில் திட்டம் கரைந்துவிட்டது, 1978-ல் அந்தப் பள்ளத்தாக்கை செக்வோயா தேசியப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். அந்த விடுதி வராமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, மலை மலையாகவே இருக்கட்டும். ஆனால் கரடிகள் தப்பித்துக்கொண்டன. 1971 அக்டோபர் 1-ல் ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க் திறந்த அன்றே கன்ட்ரி பேர் ஜாம்போரி என்ற பெயரில் மேடையேறின. 2024-ல் பாட்டுகளை மாற்றினார்கள், கரடிகள் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவதுதான் எனக்கு மனசு ஆறாத ஒன்று. மேஜிக் கிங்டம் கட்டும்போது, ஃப்ளோரிடா கரீபியன் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இங்கே கடல் கொள்ளையர் ரைடு யாருக்குப் புதுமையாக இருக்கும் என்று நினைத்து அதைத் தவிர்த்தார்கள். அதற்குப் பதிலாக டேவிஸ் கவ்பாய்களை வைத்து வெஸ்டர்ன் ரிவர் எக்ஸ்பெடிஷன் என்ற படகு ரைடை வரைந்தார். தண்டர் மேசா என்ற பெரிய செம்பாறை மலைக்குள் அது ஓடும், மலைக்கு வெளியே சுரங்க ரயில் ஒன்றும் ஓடும். படகில் போகும்போது குதிரை வண்டியைக் கொள்ளையர்கள் மறித்து நிற்பார்கள், அவர்கள் குதிரைகளுக்கும் முகமூடி கட்டியிருக்கும்! குடித்துவிட்டு ஒரு கவ்பாய் குதிரையோடு மதுக்கடைக் கூரைமேல் ஏறி நிற்பான். அப்புறம் எரிகிற காடு, அதே கொள்ளையர்கள் மறுபடி வந்து உங்கள் படகையே மறிக்க, படகு அருவியில் விழுந்து தப்பிக்கும். ஒரு படத்தைப் பார்த்ததுமே சிரிப்பு வர வேண்டும், விளக்கம் தேவைப்படக் கூடாது, அதுதான் டேவிஸின் கைவண்ணம். அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கேலிச்சித்திரம் போலக் காட்டும் பகுதிகளும் அதில் இருந்தன. அவை அப்போதே கேள்விக்குள்ளாயின, அதை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும்.

சரி, ஏன் வரவில்லை? பார்க் திறந்ததும் வந்தவர்கள் கேட்ட கேள்வி, "கடல் கொள்ளையர் ரைடு எங்கே?" என்பதுதான். கலிஃபோர்னியாவில் இருப்பதை டிவியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்களே! அவசர அவசரமாக அதைக் கட்டி 1973 டிசம்பரில் திறந்தார்கள். அதுவும் படகு, இதுவும் படகு, இரண்டிலும் நூற்றுக்கணக்கில் அசையும் பொம்மைகள் வேண்டும், ஒரே பார்க்கில் எதற்கு இரண்டு? போதாக்குறைக்கு அதே சமயத்தில் எண்ணெய் நெருக்கடி வந்தது, காரில் வருகிறவர்களை நம்பி இருந்த ஊரில் பெட்ரோலுக்கே வரிசை. ஆக, டேவிஸின் புது ரைடுக்குக் குறுக்கே நின்றது அவரே வரைந்த பழைய ரைடு. எனக்கு இதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

அப்புறம் டோனி பாக்ஸ்டர் என்ற இளம் வடிவமைப்பாளர், அந்தச் சுரங்க ரயிலை மட்டும் தனி ரைடாகச் செய்யலாம் என்று சொன்னார். அதுதான் பிக் தண்டர் மவுண்டன். கலிஃபோர்னியாவில் 1979-ல் வந்தது, ஃப்ளோரிடாவில் 1980-ல் வந்தது. டேவிஸ் 1978-லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

ஆக தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில்: நல்ல யோசனையில் பாதி எப்படியாவது எங்காவது போய் ஒட்டிக்கொள்கிறது. கரடிகளுக்கு இடம் கிடைக்காமல் வேறு இடம் கிடைத்தது, கவ்பாய்களுக்கு இடம் இருந்தும் நேரம் சரியில்லை. ஆனால் குப்பைக்குப் போகவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த ரயிலில் டேவிஸின் சிரிப்பு இல்லை. ரயில் வேகம் தருகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முகமூடி கட்டிய குதிரையை நின்று பார்க்க அதில் நேரம் ஏது?

மேஜிக் கிங்டம் இருக்கும் ஆர்லாண்டோவுக்குப் போகிறவர்கள் முதலில் கரடிகளைப் பாருங்கள், வெளியே வந்து அப்படியே பிக் தண்டர் பக்கம் நடங்கள். ரயில் சுற்றி ஓடும் அந்தச் செம்பாறைகள் இருக்கும் பகுதிதான் தண்டர் மேசாவுக்கு ஒதுக்கி வைத்த இடம்.