ஒரே ஒரு கேம் அதிகம்: மைக்கேல் ஸ்டிச் பற்றிய கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நான்கு நாளாக அது என் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் பற்றிப் பேசியபோது, 1991 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் அவர் சக ஜெர்மானியரான மைக்கேல் ஸ்டிச்சிடம் தோற்றார் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நேயர் கேட்கிறார்: "ஐயா, அன்றைக்கு பெக்கர் சரியாக ஆடவில்லை, அதனால்தானே ஸ்டிச் ஜெயித்தார்? ஆட்டம் முடிந்ததும் நடுவரே பெக்கர் ஜெயித்ததாக அறிவித்தாராமே, உண்மையா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மைதான். ஸ்டிச் 6-4, 7-6, 6-4 என்று நேர் செட்டில் ஜெயித்து முடித்த பிறகும் நடுவர் வாயில் வந்த பெயர் பெக்கர், உடனே திருத்திக்கொண்டார். அந்த மைதானத்தில் அந்தப் பெயர் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. 1985-இல் 17 வயதில் பட்டம், அடுத்த வருடம் மறுபடியும், 1989-இல் மூன்றாவது முறை, ஏழு வருடத்தில் இது ஆறாவது இறுதி ஆட்டம். எதிரே நின்றவருக்கு 22 வயது, அதுவரை ஒரே ஒரு பட்டம்தான் கையில். யாருக்கும் வாய் தவறியிருக்கும்.

ஆனால் முதல் கேள்வியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெக்கர் அன்று எரிச்சலில் இருந்தார், தனக்குத்தானே கத்திக்கொண்டார், அதெல்லாம் சரி. எரிச்சல் எங்கிருந்து வந்தது? எதிரே வந்த சர்வைப் படிக்க முடியாமல்தான் வந்தது. ஸ்டிச் பந்தைத் தூக்கிப் போடும்போது அந்தக் கையைப் பாருங்கள், அவசரமே இருக்காது. ஏதோ கொடியில் துணி காயப்போடுகிறவர் மாதிரி கை மேலே போகும், உடம்பு பின்னாலேயே வரும், பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்று எதிராளிக்குத் தெரியும்போது அது கடந்து போயிருக்கும். தற்செயல் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: அடுத்த வருடம் ஹாம்பர்க் களிமண்ணில் இதே பெக்கரை 6-1, 6-1 என்று வீழ்த்தினார். மொத்தக் கணக்கில் பெக்கர்தான் முன்னால், அதை மறைக்கவில்லை. ஆனால் 6-1, 6-1 தற்செயலாக வராது.

ஆட்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்டிச் விம்பிள்டனை ஜெயித்தது ஞாயிற்றுக்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமை. அரையிறுதியில், அப்போதைய நடப்பு சாம்பியன் ஸ்டெஃபான் எட்பெர்க்கிடம். அந்த ஸ்கோரை (ஒவ்வொரு ஜோடி எண்ணும் ஒரு செட்டில் ஆளுக்கு எத்தனை கேம் என்கிற கணக்கு) மெதுவாகச் சொல்கிறேன்: 4-6, 7-6, 7-6, 7-6. அந்த நான்கு செட்டிலும் எட்பெர்க் தன் சர்வை, அதாவது தான் சர்வ் போட்ட கேமை, ஒரு முறைகூடப் பறிகொடுக்கவில்லை. ஒரு முறைகூட! அப்புறமும் தோற்றார்.

செய்தித்தாளில் இதைப் படித்த அன்று எனக்குப் புரியவே இல்லை. சர்வை இழக்காமல் எப்படித் தோற்க முடியும்? என் அண்ணன்தான் பேப்பர் ஓரத்தில் பென்சிலால் கூட்டிக் காட்டினார். எட்பெர்க் ஜெயித்த கேம்கள் ஆறு, ஆறு, ஆறு, ஆறு, மொத்தம் 24. ஸ்டிச் ஜெயித்தது நான்கு, ஏழு, ஏழு, ஏழு, மொத்தம் 25. ஒரே ஒரு கேம். அந்த 25-க்குக் கீழே அவர் இரண்டு கோடு போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. டென்னிஸ் ஸ்கோரை வரியாகப் பார்க்காமல் கணக்காகப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

பழைய நேயர்களுக்கு டைபிரேக்கர் பற்றி நான் சொன்னது நினைவிருக்கும், இருந்தாலும் இங்கே மறுபடி சொல்லியாக வேண்டும். செட் 6-6 என்று நின்றால் கேம் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் புள்ளி எண்ணுகிறோம், இரண்டு புள்ளி வித்தியாசத்தில் யார் முதலில் ஏழைத் தொடுகிறாரோ அவருக்கு செட், ஸ்கோர் 7-6. இந்த முறையைக் கொண்டுவந்தவர் ஜிம்மி வான் ஏலன் என்ற அமெரிக்கர். அவர் இறந்தது எப்போது தெரியுமா? 1991 ஜூலை 3. அந்த அரையிறுதிக்கு இரண்டே நாள் முன்னால். தோற்று வெளியே வந்த எட்பெர்க், அந்த மனிதர் மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் நானும் மைக்கேலும் இன்னும் உள்ளே ஆடிக்கொண்டிருப்போம் என்கிற அர்த்தத்தில் சொன்னார். தோற்ற கையோடு இப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! எட்பெர்க்கை எனக்குப் பிடிப்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

ஸ்டிச்சின் விளையாட்டு வாழ்க்கை முழுக்கவே இப்படித்தான், ஒரு நூல் அளவு வித்தியாசத்தில் அந்தப் பக்கமும் போனது, இந்தப் பக்கமும் போனது. 1992 விம்பிள்டன் இரட்டையர் இறுதியில் 33 வயது ஜான் மெக்கன்ரோவோடு ஜோடி சேர்ந்து ஆடினார். அப்போது அங்கே ஐந்தாவது செட்டுக்கு டைபிரேக்கர் கிடையாது, 13-13-இல் இருட்டிவிட்டது, திங்கட்கிழமை வந்து 19-17 என்று முடித்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல். அதே கோடையில் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பெக்கரோடு சேர்ந்து இரட்டையர் தங்கம். இருவருக்கும் அவ்வளவு நெருக்கம் இல்லை என்பது ஊரறிந்த விஷயம், வலைக்கு இந்தப் பக்கம் நின்றால் அது ஆட்டத்தைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

1993 அவருடைய வருடம். களிமண், புல், கடினத் தரை, உள்ளரங்கக் கம்பளம் என்று நான்கு விதத் தரையிலும் பட்டம். சுவிட்சர்லாந்தின் பாஸலில் அவர் ஜெயித்த அந்த வருடம் பந்து எடுத்துப் போட்ட உள்ளூர்ப் பையன்களில் ஒருவன் பெயர் ரோஜர் ஃபெடரர். வருடக் கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் பீட் சாம்ப்ராஸை 7-6, 2-6, 7-6, 6-2 என்று வென்றார், அதிலும் இரண்டு டைபிரேக்கர், கவனித்தீர்களா? உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம்.

அப்போது நாட்டுக்கு நாடு ஐந்து ஆட்டமாக மோதிய டேவிஸ் கோப்பையும் அந்த வருடம்தான். நம் ரமேஷ் கிருஷ்ணனும் லியாண்டர் பயஸும் பிரான்ஸை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்தி அரையிறுதிக்கு வந்தார்களே, சண்டிகரில் ஆஸ்திரேலியா நம்மை ஒரு ஆட்டம்கூட விடாமல் முடித்ததே, அதே வருடம். அந்த ஆஸ்திரேலியாவை டுசெல்டார்ஃபில் இறுதி ஆட்டத்தில் 4-1 என்று ஜெர்மனி வென்றது. பெக்கர் அணியில் இல்லை. ஸ்டிச் இரண்டு ஒற்றையரிலும் ஜெயித்து, பாட்ரிக் கூனனோடு சேர்ந்து உட்பிரிட்ஜ், உட்ஃபோர்ட் ஜோடியையும் வென்றார். பெக்கர் நிழலில் இருந்தவர் என்று யாராவது சொன்னால் இந்த மூன்று நாளைக் காட்டுங்கள்.

சரி, நேயர் கேட்டது 1991. ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "மாஸ்கோவில் என்ன நடந்தது?"

1995 செப்டம்பர், ரஷ்யாவோடு டேவிஸ் கோப்பை அரையிறுதி. முதல் நாளே ஜெர்மனி 2-0 முன்னிலை, பெக்கரும் ஜெயித்தார், ஸ்டிச்சும் ஜெயித்தார். இரட்டையர் போனது, கடைசி நாள் பெக்கரால் இறங்க முடியவில்லை, 2-2. கடைசி ஆட்டம் ஸ்டிச்சும் ஆந்த்ரே செஸ்னகோவும். உள்ளரங்கக் களிமண், பந்து எழும்பவே யோசிக்கும் தரை. ஐந்தாவது செட், டைபிரேக்கர் இல்லை. ஸ்டிச் கையில் ஒன்பது மேட்ச் பாயின்ட் வந்தது, அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயித்துவிடலாம் என்கிற நிலை ஒன்பது முறை. ஒன்பது. ஒன்பதையும் செஸ்னகோவ் காப்பாற்றினார், 14-12 என்று ஜெயித்தார். ரஷ்ய அதிபர் யெல்ட்சின் அவருக்கு வீரத்துக்கான அரசு விருதே கொடுத்தார், அப்படி ஒரு ஆட்டம்.

எனக்கு செஸ்னகோவ் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எட்பெர்க்கை ஒரு கேம் வித்தியாசத்தில் தாண்டிய அதே மனிதர் இங்கே ஒரு புள்ளி கிடைக்காமல் நிற்கிறார். அடுத்த மாதமே வியன்னாவில் கணுக்கால் தசைநார் கிழிந்தது. ஆட்டமே முடிந்தது என்று நினைத்த நேரத்தில், 1996 பிரெஞ்சு ஓபனுக்கு வந்து, களிமண் ராஜா தாமஸ் மூஸ்டரை வெளியேற்றி இறுதி வரை போனார். அங்கே ரஷ்யாவின் கஃபெல்னிகோவிடம் 7-6, 7-5, 7-6 என்று தோற்றார். மறுபடியும் டைபிரேக்கர், இந்த முறை அந்தப் பக்கம். அடுத்த வருடம் விம்பிள்டன் அரையிறுதியில் செட்ரிக் பியோலினிடம் ஐந்து செட் ஆடித் தோற்று, அதோடு ராக்கெட்டைக் கீழே வைத்தார், 28 வயதில்.

2018-இல் அவரை டென்னிஸ் புகழரங்கில் சேர்த்தார்கள். அமெரிக்காவில் நியூபோர்ட்டில் இருக்கிறது அது. அதை நிறுவியவரும் ஜிம்மி வான் ஏலன்தான்.

கேள்வி கேட்ட நேயருக்கு ஒரு வேண்டுகோள். பெக்கர் ஆட்டத்தை விடுங்கள், எட்பெர்க்கோடு ஆடிய அந்த அரையிறுதியைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது டைபிரேக்கரில் ஸ்டிச்சின் இடது கையை மட்டும் பாருங்கள், பந்தைத் தூக்கிப் போடும் கையை. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.