ஊரை விட்டுப் போனவர்களின் திருநாள்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த நாட்டின் தேசியத் திருநாளான மார்ச் 17, புனித பேட்ரிக் நாளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

போன முதல் வருஷம், அன்று காலையில் வீட்டுக்காரம்மா ஒரு சாஸரில் தண்ணீர் விட்டு, வேரோடு பிடுங்கிய ஒரு கொத்துச் செடியை வைத்திருந்தார். பார்த்ததும் நம் ஊர்ப் புளியாரைதான் ஞாபகம் வந்தது. அதே மூன்று இலை, ஆனால் இன்னும் பொடிசு. மண்ணை அலசி, ஒரு கிள்ளு எடுத்து, என் கோட்டில் ஊக்கு வைத்துக் குத்திவிட்டார். "இதுதான் ஷாம்ராக். சாயங்காலம் வரைக்கும் கழற்றக் கூடாது" என்றார். அரை மணி நேரத்தில் அது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

எது ஷாம்ராக் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. 1890களில் தாவரவியல் ஆர்வலர் ஒருவர், உங்கள் ஊரில் எதை ஷாம்ராக் என்கிறீர்களோ அதை அனுப்புங்கள் என்று பல மாவட்டத்துக்காரர்களைக் கேட்டார். வந்த செடிகளை நட்டு, பூ விடும்வரை காத்திருந்து பார்த்தால், ஒரே இனமாக இல்லை. பெரும்பாலும் குளோவர் என்ற தீவனச் செடியில் மஞ்சள் பூ வகையும் வெள்ளைப் பூ வகையும்தான். கடைகளில் அதிர்ஷ்டம் என்று நான்கு இலை போட்டு விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஷாம்ராக்குக்கு மூன்று இலைதான்.

அந்த மூன்று இலையைக் காட்டித்தான் தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கிறித்தவ நம்பிக்கையைப் பேட்ரிக் விளக்கினார் என்பார்கள். அழகான கதை. ஆனால் அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிறகுதான் அது எழுத்தில் வருகிறது. அவர் பாம்புகளைக் கடலுக்குள் விரட்டினார் என்பதும் அப்படித்தான். பனியுகம் முடிந்த பிறகு அந்தத் தீவுக்குப் பாம்பு வந்து சேரவே இல்லை.

கதையை விட அவருடைய சொந்த வாழ்க்கைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பேட்ரிக் ஐரிஷ்காரரே இல்லை. ரோமானியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் அயர்லாந்துக் கொள்ளைக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக்கினார்கள். ஆறு வருஷம் மேய்ச்சல் வேலை. தப்பி ஊர் போய்ச் சேர்ந்தவர், பின்னாளில் தன்னை அடிமையாக்கிய அதே மண்ணுக்குச் சமயப் பணி செய்யத் திரும்பி வந்தார். இதெல்லாம் அவரே லத்தீனில் எழுதி வைத்தது. அந்த எழுத்து இன்றும் இருக்கிறது. வெளியே இருந்து வந்தவர் ஊருக்கு உரியவராகிவிடுவது நமக்கும் புதிதில்லை. ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல்லை இடையன்குடியில் யாரும் அந்நியர் என்று சொல்வதில்லை.

சரி, திருநாளுக்கு வருவோம். ஊர்வலம், பச்சைத் தொப்பி, பீர் என்று நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அயர்லாந்தில் அது நெடுங்காலம் அப்படி இல்லை. காலையில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு, அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் விரதமான தவக்காலத்தின் நடுவில் வருவதால், அன்றைக்கு மட்டும் விரதத்துக்கு விடுப்பு. பிள்ளைகளுக்கு மிட்டாய் கிடைக்கும். 1903இல்தான் சட்டப்படி விடுமுறை. தனி நாடான பிறகு, 1927இல், அன்றைக்கு மதுக்கடைகளை மூடச் சொல்லிச் சட்டம் போட்டார்கள்! 1960களின் தொடக்கம் வரை அது நீடித்தது. விதிவிலக்காக இருந்த மிகச் சில இடங்களில் ஒன்று, தலைநகர் டப்ளினில் நடந்த நாய்க் கண்காட்சி. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் டப்ளின்காரர்களுக்கு நாய்கள் மேல் அப்படியொரு பாசம் பொங்கும் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்படியானால் இத்தனை ஆர்ப்பாட்டமும் எங்கிருந்து வந்தது? ஊரை விட்டுப் போனவர்களிடமிருந்து. நியூயார்க் ஊர்வலம் 1762இல் தொடங்கியது. அமெரிக்கா என்ற நாடே அப்போது கிடையாது. பிறகு 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதை விட்டால் வேறு சாப்பாடு இல்லை. தானியமோ கப்பலேறி வெளியே போய்க்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை இன்றும் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. போன இடத்தில் இளக்காரமாகப் பார்த்தார்கள், வேலை தர யோசித்தார்கள். வருஷத்தில் ஒரு நாள் நடுத்தெருவில் கொட்டு முழக்கத்தோடு ஆயிரக்கணக்கில் நடந்தால், ஓட்டுக் கேட்டு வருகிறவன் எண்ணிப் பார்ப்பான் அல்லவா? ஊர்வலத்துக்கு அந்தக் கணக்கும் உண்டு. டப்ளினில் அரசு ஊர்வலம் முதன்முதலாக நடந்தது 1931இல்தான்.

சாப்பாட்டிலும் இதே கதை. அமெரிக்காவில் இந்த நாளுக்கு உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும். அதைக் கேட்டதும் வீட்டுக்காரம்மா முகத்தைச் சுளித்தார். "அது அவர்கள் சாப்பாடு" என்று சொல்லி, பன்றி இறைச்சியை முட்டைக்கோஸோடு வேகவைத்து, உருளைக்கிழங்கும் வெள்ளைக் குழம்பும் சேர்த்து வைத்தார். இதில் வேடிக்கை, பழைய காலத்தில் இந்தக் கார்க் துறைமுகத்திலிருந்துதான் உப்பு மாட்டிறைச்சி பீப்பாய் பீப்பாயாக உலகமெங்கும் போனது. பக்கத்துக் கிராமத்து ஏழைக்கு அது எட்டாத பண்டம். நியூயார்க் போய் நாலு காசு பார்த்த பிறகு, யூதர்களின் இறைச்சிக் கடையில் அதை வாங்கிச் சாப்பிட்டான்.

சிகாகோ ஆற்றைப் பச்சையாக்குவதையும் சொல்லிவிடுகிறேன். கழிவுநீர் எந்தக் குழாயிலிருந்து ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்கக் குழாய்த் தொழிலாளர்கள் ஒரு சாயம் போடுவார்கள். 1962இல் அதையே நூறு பவுண்டு கொட்டினார்கள்; ஒரு வாரம் ஆறு பச்சையாகவே ஓடியது. இப்போது வேறு சாயம், அளவும் குறைவு. பொடி பார்க்க ஆரஞ்சு நிறம், தண்ணீரில் விழுந்தால்தான் பச்சை.

அன்று மதியம் சாப்பிட்ட பிறகு வீட்டுக்காரம்மா ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் காட்டினார். அவருடைய அக்கா இளவயதில் பாஸ்டன் போனவர். வருஷா வருஷம் மார்ச் தொடக்கத்தில் அவர்களுடைய அம்மா வயலில் ஷாம்ராக் பறித்து, ஈரப்பாசியில் சுற்றி, இந்த மாதிரிப் பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்புவாராம்.

"பச்சையாகப் போய்ச் சேருமா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம்கூட இல்லை. வைக்கோல் மாதிரித்தான் போகும். அக்கா அதைத்தான் குத்திக்கொண்டு ஊர்வலத்துக்குப் போவாள்" என்றார்.