வானத்துக்குத் தேதி போட்டவர்

நேயர்களுக்கு வணக்கம். துணியைக் காயப்போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்காதவர் யார்? "இப்பத்தானே வெளுத்திருந்தது, அதுக்குள்ள இருட்டிக்கிட்டு வருதே" என்கிறோம். அந்த "இப்பத்தானே" இருக்கிறதே, அதைத் தாளில் பிடிக்க வாழ்நாள் முழுக்க முயன்றவர் பிரெஞ்சு ஓவியர் யூஜின் பூதேன்.

1824இல், பிரான்சின் வடகரையில் ஓன்ஃப்ளூர் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கடலோடி. சிறுவயதில் பூதேனும் படகில் எடுபிடி வேலை பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்பதுதான் படகுக்காரருக்கு முதல் பாடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த பின் கடற்கரையில் நின்று, பேஸ்டல் என்னும் வண்ணக் குச்சியால் வானத்தை மட்டும் வரைவார். எண்ணெய் வண்ணம் காய நாளாகும், மேகம் காத்திருக்குமா? பேஸ்டலை விரலால் தேய்த்தால் போதும், சாம்பல் நீலத்தில் கரைந்துவிடும். வரைந்ததும் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அக்டோபர் 8, நண்பகல், வடமேற்குக் காற்று. தேதி, பொழுது, காற்று. அவ்வளவுதான்.

கவிஞர் போதலேர் இவற்றை நூற்றுக்கணக்கில் பார்த்தார். குறிப்பைக் கையால் மறைத்தாலும் பருவம், பொழுது, காற்று மூன்றையும் சொல்லிவிடலாம் என்று 1859இல் எழுதினார். காற்றை, நேயர்களே! கண்ணுக்கே தெரியாத காற்றை! படகில் வளர்ந்த பையன் என்று சொன்னேன் அல்லவா?

அப்போது லெ ஹாவ்ர் நகரில் கேலிச்சித்திரம் வரைந்து காசு பார்த்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். பெயர் மொனே, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியர். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் இருவர் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மொனேவுக்குப் பூதேனின் படங்கள் துளியும் பிடிக்காது. அவரைச் சந்திப்பதையே தவிர்த்தான். பூதேன் விடவில்லை. 1858இல் வெட்டவெளிக்குக் கூட்டிப்போய், தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்து காட்டினார். கண்ணை மறைத்த திரை கிழிந்தது போலிருந்தது என்றார் மொனே, பிற்காலத்தில். தான் ஓவியன் ஆனதே பூதேனால்தான் என்றும் சொன்னார். ஒரே வைக்கோல் போரைக் காலையும் மாலையும் பனியிலுமாக மொனே திரும்பத் திரும்ப வரைந்தாரே, அது பூதேனின் ஓரக்குறிப்பு வளர்ந்த வளர்ச்சி என்றே நான் நினைக்கிறேன்.

1874இல் பாரிசில், கணநேர ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சியில் இருவர் படங்களும் இருந்தன. த்ரூவில் என்ற ஊரின் கடற்கரையைப் பூதேன் வரைந்த படங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும். அகன்ற பாவாடை அணிந்த சீமாட்டிகள் கீழே ஒரு பட்டையாக அடங்கிவிடுவார்கள், மீதியெல்லாம் வானம். சில படங்களில் கூட்டத்துக்கு மேலே ஒரு கொடி படபடக்கும். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். வணக்கம்.