ரெக்கார்டை அழிச்சாச்சு, டிஸ்க் ஏன் இன்னும் ஃபுல்லாவே இருக்கு?

வணக்கம் மக்களே. டேப்ல இடம் இருக்கு, ஸ்டோரேஜ்ல இடம் இருக்கு, ஆனா ராத்திரி ஓட வேண்டிய பேக்கப் ஜாப் மட்டும் எர்ரர் அடிச்சு நிக்குது, என்னன்னு போய்ப் பாத்தா டேட்டாபேஸ் இருக்குற பார்ட்டிஷன் ஃபுல்லு. இன்னிக்கு அதைத்தான் பாக்கப் போறோம். பாக்குலாங்கற பேக்கப் சாஃப்ட்வேர், அதோட கேட்டலாக் (எந்த ஃபைல் எந்த டேப்லங்கற குறிப்பு) உக்காந்திருக்குற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பின்னாடி, இந்த செட்டப்பை வச்சே சொல்றேன்.

(ஸ்க்ரீன்ல: மூட்டை அடுக்கின குடோன், வாசல்ல ஒரு தடி நோட்டு)

கோயம்பேடு குடோன்ல மூட்டை உள்ள இருக்கும், எந்த மூட்டை எங்கன்னு எழுதின நோட்டு வாசல்ல இருக்கும் இல்லியா, நம்ம கேட்டலாக் அந்த நோட்டுதான். மூட்டை எவ்ளோ கனம்ங்கறதை அது கண்டுக்காது, எத்தனை மூட்டைங்கறதுதான் கணக்கு. 40 ஜிபி சிசிடிவி வீடியோவா, ஃபைல் டேபிள்ல ஒரே ஒரு வரி. அதுவே அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி 20 லட்சம் பில்லை ஸ்கேன் பண்ணி வச்சிருக்குன்னு வைங்க, ஒவ்வொரு ஃபுல் பேக்கப்புக்கும் 20 லட்சம் வரி விழும், ஒரு பில்லு கூட மாறலன்னாலும் விழும். வாரம் ஒரு ஃபுல்லுன்னா ஆறு மாசத்துல 26, அதாவது 5 கோடி வரிக்கு மேல, அதுவும் ஒரே ஒரு மெஷினுக்கு.

இதுக்குத்தான் ரிட்டென்ஷன், அதாவது கேட்டலாக்ல ரெக்கார்டை எத்தனை நாள் வச்சுக்கணும்ங்கற கணக்கு. நாம எதுவும் மாத்தலன்னா ஃபைல் ரிட்டென்ஷன் (ஒவ்வொரு ஃபைலோட வரிக்கும்) 60 நாள், ஜாப் ரிட்டென்ஷன் (அந்த பேக்கப் ஓடினதுங்கற குறிப்புக்கு) 180 நாள். ஃபைல் ரெக்கார்டு போயிட்டா டேப்ல இருக்குற டேட்டா போயிடாது, ஆனா "அந்த ஒரு எக்ஸெல் ஷீட்டை மட்டும் எடுத்துக் குடுங்க சார்"னு அக்கவுண்ட்ஸ்ல இருந்து போன் வந்தா அதை மட்டும் தேடி எடுக்க முடியாது, ஜாப்பை முழுசா ரெஸ்டோர் பண்ணணும். அதனால இந்த நாள் கணக்கை ஐடி டீம் மட்டும் உக்காந்து முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்கிறதில்ல. நாள் தாண்டின ரெக்கார்டைத் தானா அழிக்கிற ஆட்டோ ப்ரூன் ஓடுறது அந்தந்த க்ளையண்ட்டோட, அதாவது பேக்கப் எடுக்குற மெஷினோட, ஜாப் முடியும்போது. வேலைய விட்டுப் போனவரோட லேப்டாப்புக்குத்தான் இனி ஜாப்பே கிடையாதே, அப்போ அதோட ரெக்கார்டு டேப் ரீசைக்கிள் ஆகுற வரைக்கும் அசையாம கிடக்கும். பாக்குலாவுக்கு கமாண்ட் குடுக்குற பிகன்சோல்ல போயி நீங்கதான் கையால ப்ரூன் பண்ணணும்.

சரி, ப்ரூன் பண்ணியாச்சு, டிஸ்க்ல எவ்ளோ இடம் போயிருக்குன்னு காட்டுற டிஎஃப் கமாண்ட் போட்டுப் பாத்தா ஒரு ஜிபி கூட குறையல. பயப்படாதீங்க, போஸ்ட்கிரெஸ் அப்படித்தான், டிலீட் பண்ணின வரியை அடிச்சு வைக்குமே தவிர பக்கத்தைக் கிழிக்காது. வேக்கம்ங்கற சுத்தம் பண்ற கமாண்ட் ஓடினா அந்த இடத்துல புது வரி எழுதிக்கலாம்னு குறிச்சு வைக்கும், ஃபைல் சைஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைத் தானா ஓட்டுற ஆட்டோவேக்கம் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா டீஃபால்ட்டா டேபிள்ல 20 சதவீதம் வரி செத்தாதான் அது எழுந்திரிக்கும், 30 கோடி வரி இருக்குற டேபிள்ல அது 6 கோடி. அதுக்குள்ள புது ஜாப் வந்து டேபிளை இன்னும் இழுத்து விட்டுரும். ஃபைல் டேபிளுக்கு மட்டும் அந்த 20 சதவீதத்தைக் குறிக்கிற ஸ்கேல் ஃபேக்டரை 0.02ன்னு, அதாவது 2 சதவீதம்னு, வச்சுப் பாருங்க, வளர்ச்சி ஒரு இடத்துல நின்னுரும்.

அப்போ ஃபைல் சைஸையே குறைக்கிற வேக்கம் ஃபுல் கமாண்டை ஓட்டலாமா? அது டேபிளை முழுசா புதுசா எழுதும், எழுதி முடியற வரைக்கும் பழசும் டிஸ்க்லயே இருக்கும், டேபிளை வேற யாரும் தொட முடியாதபடி லாக் வேற. டிஸ்க் நிரம்பினப்புறம் அதை ஓட்டினா பாதிலயே நிக்கும். ரிட்டென்ஷனை ஒரேயடியா குறைச்சப்போ, பேக்கப் எதுவும் ஓடாத ஞாயித்துக்கிழமை பகல்ல, ஒரு தடவை ஓட்டுங்க, போதும். வாராவாரம் தானா ஓடுற மாதிரி க்ரான்ல போடுறது வீண் வேலைங்கறது என் கருத்து, சுருக்கின இடம் அடுத்த ஃபுல் பேக்கப்புக்கே திரும்ப வேணும்.

கடைசியா, கேட்டலாக்கையும் தினமும் டம்ப், அதாவது ஒரு ஃபைலா முழு நகல், எடுங்க. பாக்குலாவோட சாம்பிள் கான்ஃபிக்லயே 23:05க்கு பேக்கப், 23:10க்கு கேட்டலாக் ஜாப்னு இருக்கும். கேட்டலாக் போயிட்டா பிஸ்கேன்ங்கற டூல் வச்சு டேப்ல இருந்து திரும்ப உருவாக்கலாம்தான், ஆனா ஒவ்வொரு டேப்பா போட்டுப் படிக்கணும், நாள் கணக்குல இழுக்கும். அந்த டம்ப் ஃபைலை மட்டும் டேட்டாபேஸ் இருக்குற அதே பார்ட்டிஷன்ல போடாதீங்க.