வழியில் படுத்திருந்த கிழக்குரங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு, சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி. பூ மிதிப்பவர்கள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வருவார்கள். ஒரு வருடம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், என் பேத்திக்குப் பாரதக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அர்ச்சுனனின் தேர்க்கொடியில் அனுமார் இருப்பார் என்றதும் அவள் நிறுத்தினாள். "தாத்தா, அனுமார் இராமாயணத்தில்தானே வருவார்? இங்கே எப்படி வந்தார்?"

"அவர் சிரஞ்சீவி, அவருக்குச் சாவே கிடையாது" என்று சொல்லித் தப்பித்தேன். அவள் தலையாட்டிவிட்டாள். எனக்குத்தான் திருப்தி வரவில்லை. சாகாமல் இருப்பதும் அடுத்த கதைக்குள் வந்து நிற்பதும் ஒன்றா என்ன?

அப்படி வந்தவர் அனுமார் மட்டும் அல்லர். சீதையை மணந்து திரும்பும் இராமனை வழிமறித்த பரசுராமர், பாரதத்தில் பீஷ்மருக்கு ஆசிரியர். கர்ணனைச் சபித்தவரும் அவரே. கரடி வேந்தன் ஜாம்பவான், பாகவதக் கதைப்படி, கண்ணனோடு 28 நாள் மல்லுக்கட்டி, கடைசியில் மகள் ஜாம்பவதியை மணமுடித்துக் கொடுக்கிறான்.

எனக்குப் பிடித்தவன் மயன். மண்டோதரியைப் பெற்றவன், அதாவது இராவணனுக்கு மாமனார். கிட்கிந்தா காண்டத்தில், சீதையைத் தேடிப் போன வானரர்கள் தாகத்தோடு ஒரு குகைக்குள் நுழைகிறார்கள். உள்ளே பொன் மரங்கள், மாளிகைகள். எல்லாம் மயன் படைத்தவை. நுழைந்தவர்கள் உயிரோடு வெளியேற முடியாத இடம் அது. காவலிருந்த சுயம்பிரபை அவர்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி வெளியே கொண்டுவந்து விடுகிறாள். அதே மயனைக் காண்டவ வனத் தீயிலிருந்து அர்ச்சுனன் காப்பாற்றுகிறான். நன்றிக்கடனாக அவன் பாண்டவர்களுக்கு ஒரு சபை கட்டித் தருகிறான். அங்கே துரியோதனன் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்குகிறான். பிறகு தண்ணீரைத் தரை என்று எண்ணி உடுத்த துணியோடு விழுகிறான். மயன் கட்டியதற்குள் போனால், எந்தக் காப்பியமானாலும், கண் காலை வாரிவிடும்.

அப்போது சிரித்தது பாஞ்சாலிதான் என்று நாம் காலங்காலமாகப் பழி போடுகிறோம். வியாசர் அந்த இடத்தில் சொல்வது பீமனும் தம்பிகளும் ஏவலாட்களும் சிரித்ததை. பாஞ்சாலியின் பெயரைச் சேர்த்தவன் துரியோதனன், வீட்டுக்குப் போய் அப்பாவிடம் முறையிடும்போது! அந்தப் புகைச்சலில் சூதாட்டம் வந்தது, துகில் உரிந்தார்கள், வனவாசம் வந்தது.

அந்த வனவாசத்தில்தான் பேத்தியின் கேள்விக்கு விடை இருக்கிறது. காற்றில் வந்த ஒரு சௌகந்திக மலரைப் பார்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்கிறாள் திரௌபதை. பீமன் கந்தமாதன மலை ஏறுகிறான். வாழைத்தோப்பு நடுவே ஒரு கிழக்குரங்கு வழியை அடைத்துப் படுத்திருக்கிறது. உடம்பு முடியவில்லை, வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போ என்கிறது. எல்லா உடலிலும் பரம்பொருள் இருப்பதால் தாண்டமாட்டேன் என்கிறான் பீமன். இல்லாவிட்டால், கடலைத் தாண்டிய அனுமனைப்போல உன்னையும் மலையையும் சேர்த்துத் தாண்டியிருப்பானாம்.

"யார் அந்த அனுமன்?" என்று கேட்கிறது குரங்கு.

என் அண்ணன், இராமாயணத்தில் பேர் பெற்ற வீரன் என்கிறான் பீமன். இருவரும் வாயுவின் பிள்ளைகள் அல்லவா! வியாசர் 'இராமாயணம்' என்ற சொல்லையே அவன் வாயில் வைக்கிறார். பீமனுக்கு அண்ணன் என்பவர் கேட்டு வளர்ந்த ஒரு கதை. அந்தக் கதை எதிரே படுத்துக்கொண்டு, வாலை நகர்த்திவிட்டுப் போ என்கிறது. வால் அசையவில்லை. அதன் பிறகே யாரென்று தெரிகிறது. கடல் தாண்டிய உருவத்தைக் காட்டுங்கள் என்று தம்பி கெஞ்ச, அந்தக் காலம் போய்விட்டதப்பா என்று அண்ணன் தயங்குகிறார், பிறகு காட்டுகிறார். குருட்சேத்திரத்தில் அவர் ஆயுதம் எடுக்கவில்லை. அர்ச்சுனன் கொடியில் அமர்ந்து முழங்குவேன் என்று வாக்குக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்று நினைவுக்கு வரும். என் அப்பா அங்கிருந்து கப்பலேறி வந்தவர். ஊரிலேயே தங்கிவிட்ட பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. அவர் காளை அடக்கியது, காவிரி வெள்ளத்தில் நீந்தியது எல்லாம் அப்பா சொல்லித்தான் தெரியும். முப்பது வயதில் முதல்முறையாக அங்கே போனேன். திண்ணையில் படுத்திருந்த ஒரு கிழவரை எழுப்பி, பெரியப்பா பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன்.

"அவரை உனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றார்.

காளைக் கதையை முழுவதும் சொல்லவிட்டு, பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார்.